துவக்கு கம்பனி மேல கேஸ் போடலாமா? இந்த தலைப்புல விவாதத்துக்கு தயாராகுறது எப்படி

நான் டிக்கோயா பக்கம் டியூசன் குடுக்கிறேன், இந்த தவணை ரெண்டு ஸ்கூல் பிள்ளைங்க இதே தலைப்போட வந்தாங்க, துவக்கால நடக்குற குற்றத்துக்கு அதை செஞ்ச கம்பனி சட்டப்படி பொறுப்பா இல்லையா. ரெண்டு அணியும் எழுதிட்டு வந்த முதல் வரி ஒன்னேதான், "கத்தியால குத்துனா கத்தி செஞ்ச ஆசாரியவா புடிப்பீங்க?" தம்பி தங்கச்சிங்களா, மொத வேலையா அந்த வரிய வெட்டிருங்க. நடுவர் அதை கேட்டு கேட்டு சலிச்சிருப்பாரு, அதோட கேள்வியே அங்க இல்ல.

கேள்விய மூணா பிரிச்சுக்கங்க. செஞ்சவனுக்கு என்ன தெரியும், யாருக்கு வித்தான், என்ன சொல்லி வித்தான். இதை நம்ம ஊரு விசயத்துல வச்சு பாருங்க, 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கு கம்பில மாட்டி செத்துச்சே, ஞாபகம் இருக்கும். சுருக்கு போடுறவங்க பைக் கிளட்ச் கேபிள் மாதிரி கையில கிடைக்கிற கம்பியதான் எடுக்குறாங்க, அதுக்காக கேபிள் கம்பனி மேல யாரும் கேஸ் போட மாட்டாங்க. ஆனா ஒரு கடைக்காரர் "பன்றிக்கு சுருக்கு போட இதுதான் நல்ல கம்பி"ன்னு போர்டு வச்சு வித்தா? அப்ப உங்க மனசு வேற மாதிரி சொல்லும்ல, அந்த மாறுற இடத்துலதான் இந்த விவாதமே இருக்கு.

அடுத்தது அமெரிக்கா கதை, இதை சரியா படிக்காம மேடை ஏறாதீங்க. 1998ல நியூ ஓர்லியன்ஸ், சிக்காகோ மாதிரி நகரங்களே துவக்கு கம்பனிகள் மேல கேஸ் போட ஆரம்பிச்சாங்க. கம்பனிங்க பயந்துட்டாங்க, சட்டப்படி செஞ்சு சட்டப்படி வித்த சாமானுக்கு எவனோ செஞ்ச கொலைக்கு நாங்க நட்டஈடு கட்டுனா கடைய மூடணும்னு சொன்னாங்க, 2005ல அவங்களுக்கு ஒரு பாதுகாப்பு சட்டமே வந்துச்சு. எதிர்த்து பேசுற அணிக்கு இதுதான் பெரிய பலம். ஆனா அந்த சட்டத்துலயே சில ஓட்டை வச்சிருக்காங்க. துவக்குலயே பழுது இருந்தா கேஸ் போடலாம், இவன் தப்பா பாவிப்பான்னு தெரிஞ்சே குடுத்தா போடலாம், விக்கிறதுக்கும் விளம்பரத்துக்கும் இருக்குற சட்டத்தை தெரிஞ்சே மீறுனாலும் போடலாம்.

இந்த கடைசி ஓட்டை வழியாதான் சாண்டி ஹூக்ல செத்தவங்களோட குடும்பங்க உள்ள போனாங்க. 2012 டிசம்பர் 14, கனெக்டிகட் மாநிலத்துல சாண்டி ஹூக்ங்கிற ஆரம்ப பாடசாலை, ஒருத்தன் சுட்டதுல 20 பிள்ளைங்க, 6 பெரியவங்க செத்தாங்க. சுட்டவனோட அம்மா சட்டப்படி வாங்குன துவக்கு அது. கடைக்காரன் பொய் சொல்லல, துவக்கும் பழுது இல்ல, அப்ப எதை வச்சு கேட்பீங்க? விளம்பரத்தை வச்சு கேட்டாங்க. இது கையில இருந்தாதான் நீ ஆம்பளங்கிற மாதிரி விளம்பரம் போட்டிருந்தாங்க. 2019ல அந்த மாநிலத்து உச்ச நீதிமன்றம் கேஸை நடத்தலாம்னு விட்டுச்சு, 2022 பெப்ரவரில அந்த துவக்கை செஞ்ச ரெமிங்டன் கம்பனியோட இன்சூரன்ஸ் கம்பனிங்க 73 மில்லியன் டொலர் குடுக்க ஒத்துக்கிட்டாங்க. ஒன்னு கவனம், இது சமரசம், தீர்ப்பு இல்ல. "நீதிமன்றம் குற்றவாளின்னு சொல்லிருச்சு"ன்னு பேசுனீங்கன்னா எதிரணி அங்கயே புடிச்சுக்கும், புடிக்கிறதும் நியாயம்தான்.

2025 ஜூன்ல மெக்சிகோ அரசாங்கம் ஸ்மித் அண்ட் வெசன் மேல போட்ட கேஸ்ல அமெரிக்க உச்ச நீதிமன்றத்து 9 நீதிபதிகளும் ஒரே பக்கமா கம்பனிக்கு சாதகமா சொல்லிட்டாங்க. சில டீலருங்க கடத்தல்காரங்களுக்கு விக்கிறாங்கன்னு கம்பனிக்கு தெரிஞ்சிருந்தாலும் தடுக்காம இருந்தது மட்டும் உடந்தை ஆகாதுன்னாங்க. எனக்கு இது வலிக்கிற தீர்ப்புதான், ஆனா சார்பா பேசுற அணி இதை மறைக்காம தாங்களே சொல்லிட்டு, "சட்டம் இன்னைக்கு அப்படி இருக்கு, நாங்க பேசுறது எப்படி இருக்கணும்னு"ன்னு திருப்பிருங்க.

இப்ப நம்ம பக்கம். இலங்கைல துவக்குகளுக்குன்னே 1916ல ஒரு கட்டளைச் சட்டம் வந்துச்சு, இன்னைக்கும் திருத்தங்களோட அதுதான், லைசன் இல்லாம செய்றதே குற்றம். எங்க லயத்துக்கு மேல இருந்த மாமா ஒருத்தர் விறகுக்கு போன இடத்துல பன்றிக்கு வச்ச கட்டுத்துவக்கு வெடிச்சு முழங்காலுக்கு கீழ கால் போயிருச்சு. ஒரு பைப்பு, ஒரு கட்டை, ஒரு கம்பி, அவ்வளவுதான் அந்த துவக்கு. நம்பர் இல்ல, பேர் இல்ல, யார் செஞ்சாங்கன்னு கடைசி வரை தெரியல, அதனால அவருக்கு அஞ்சு சதம் நட்டஈடும் இல்ல, மாமிதான் கொழுந்து எடுத்து வீட்ட பாத்தாங்க. அதை நினைச்சுதான் சொல்றேன், கம்பனிக்கு நம்பர் இருக்கு, கணக்குப் புத்தகம் இருக்கு, விலாசம் இருக்கு, எந்த கடையில இருந்து திரும்பத் திரும்ப தப்பான கைக்கு போகுதுன்னு பாக்க வழி இருக்கு. பாக்க முடிஞ்சும் பாக்காதவனை கேள்வி கேக்க கூடாதுன்னு சட்டமே போட்டு தடுக்குறது எனக்கு நியாயமா படல. அதுக்காக எல்லா கொலைக்கும் கம்பனிதான் காசு கட்டணும்னும் நான் சொல்லல. கேஸ் கேக்கப்படணும், அதுதான்.

நடுவர் அசையிற மாதிரி ஒன்னு வேணும்னா பரகுவாட்டை எடுங்க. தோட்டத்துல அடிச்ச அந்த புல்லு மருந்து நம்ம எத்தனை வீட்டுல சாவு எடுத்துச்சுன்னு உங்க ஆயாங்களை கேளுங்க. "குடிச்சவன் தப்பு, மருந்து என்ன பண்ணும்"னுதான் அப்ப சொன்னாங்க. 2008ல இருந்து 2011க்குள்ள அதை படிப்படியா நிறுத்துனதுக்கு அப்புறம் நஞ்சு குடிச்சு சாகுறது நல்லாவே குறைஞ்சுச்சு. ஆளு அதே ஆளு, கஷ்டமும் அதே கஷ்டம், கைக்கு எட்டுன சாமான்தான் மாறுச்சு. எதிரணி உடனே அது அரசாங்க தடை, கம்பனி மேல போட்ட கேஸ் இல்லன்னு சொல்லும், சரியாதான் சொல்லும். அதுக்கு பதில், தடை போடாத நாட்டுல கம்பனிய யோசிக்க வைக்க கேஸை தவிர வேற என்ன இருக்குன்னு கேளுங்க.

எதிர்த்து பேச வேண்டி வந்தாலும் மனசு தளராதீங்க, உங்க பக்கத்துலயும் நல்ல வாதம் இருக்கு. நடுவுல ஒரு மனுசன் தன் முடிவுல குற்றம் செய்றான்ல, அதை விட்டுட்டு பின்னாடி போய்க்கிட்டே இருந்தா இரும்பு தோண்டுனவன் வரைக்கும் போகணும், எல்லைய எங்க போடுறதுன்னு கேளுங்க. சார்பு அணி அந்த மூணு கேள்வியோட வரலன்னா பதில் சொல்ல முடியாம நிக்கும்.

வருசங்களை ஒரு துண்டுல எழுதி வச்சுக்கங்க, 1998, 2005, 2012, 2019, 2022, 2025. போன தடவை ஒரு பிள்ளை 73 மில்லியனை 73 பில்லியன்னு சொல்லி அழுதுகிட்டே இறங்குச்சு, அதனால தொகை மட்டும் ரெண்டு தடவை வாய்விட்டு சொல்லிப் பாருங்க.