கொண்டைக்கடலைக் கலப்பு: வீரியத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்

"இந்தக் கலப்பில் வீரியம் மிக அதிகம், எனவே இதுவே சிறந்தது" என்று ஆய்வேடுகளில் எழுதிவிடுகிறார்கள். கலப்புச் செடி தன் பெற்றோரை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே வீரியம். மக்காச்சோளத்துக்கு இது சரி. கொண்டைக்கடலைக்குச் சரிவராது. பூ விரியும் முன்பே, மொட்டுக்குள்ளேயே மகரந்தம் உதிர்ந்து தன் சூல்முடியைச் சேர்ந்துவிடும் பயிர் இது. வீரிய ஒட்டு விதையைப் பெருமளவில் உற்பத்தி செய்ய வழியில்லை. ஓங்குதன்மையால் (ஒரு மரபணு வடிவம் தன் இணையை மறைப்பதால்) வந்த வீரியம் அடுத்த தலைமுறையிலேயே பாதியாகக் குறையும். தலைமுறைதோறும் தன்னைப் போலவே விதை தரும் தூய வழிகளில் தங்குவது முக்கியமாகக் கூட்டு மரபணு விளைவுதான், அதாவது ஒவ்வொரு மரபணுவும் தனித்தனியே சேர்க்கும் பங்கு.

அதனால் முதலில் பெற்றோரின் பொது இணைப்புத் திறனைப் பாருங்கள்; பல துணைகளோடு கலந்தபோது ஒரு பெற்றோர் சராசரியாக எப்படிச் செயல்படுகிறது என்பதே அது. சிறப்பு இணைப்புத் திறன் (ஒரு குறிப்பிட்ட இணை அந்தச் சராசரிகளிலிருந்து எதிர்பார்ப்பதைவிட மாறுபடும் அளவு) உயர்ந்திருந்தால், பெற்றோரில் ஒன்றாவது நல்ல பொது இணைப்புத் திறன் உடையதா என்று கவனியுங்கள். இரண்டுமே தாழ்ந்தவை என்றால், அந்த உயர்வு பெரும்பாலும் நிலைப்படுத்த முடியாதது.

கணக்குக்கு முன்பே நேரும் தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது. கலப்புச் செய்யும்போது தாய்ச் செடியின் சிறு மொட்டைப் பிரித்து 10 மகரந்தத் தாள்களையும் நீக்க வேண்டும். ஒன்று தங்கினாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடித்துவிடும்; அதைக் கலப்பு விதை என்று எண்ணி அளந்தால் மொத்த அட்டவணையும் பொய். வெள்ளைப் பூ காபூலி வகையைத் தாயாகவும் இளஞ்சிவப்புப் பூ நாட்டு வகையைத் தந்தையாகவும் வைத்தால் சோதிப்பது எளிது. இளஞ்சிவப்பு ஓங்கு பண்பு என்பதால், முதல் தலைமுறையில் வெள்ளையாகப் பூக்கும் செடி கலப்பே அல்ல, பிடுங்கி எறியுங்கள். தாயையும் தந்தையையும் மாற்றிவிட்டால் பூ நிறம் உதவாது.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதையும் மறைக்கக் கூடாது. உதாரணமாக, இரு பெற்றோரின் மகசூல் செடிக்கு 10, 20 கிராம். கலப்பு 18 கிராம். பெற்றோர் சராசரியைவிட 20 சதவீதம் கூடுதல், சிறந்த பெற்றோரைவிட 10 சதவீதம் குறைவு! முதல் எண்ணை மட்டும் எழுதுவது நேர்மையல்ல. பூக்க ஆகும் நாட்களைக் கணக்கிடும்போது வீரியத்தின் எதிர்மறை மதிப்பே முன்பூப்பைக் காட்டுகிறது. அதைத் தாழ்வென்று கழித்துவிடாதீர்கள்.

கலப்பு விதை கொஞ்சமே கிடைப்பதால் அதை அகல இடைவெளியிலும் பெற்றோரை நெருக்கியும் விதைப்பது இன்னொரு தவறு. இடம் கிடைத்தால் கொண்டைக்கடலை தாராளமாகக் கிளைக்கும். அந்தக் கூடுதல் காய்களும் வீரியக் கணக்கில் ஏறிவிடும். இரண்டுக்கும் ஒரே இடைவெளி கொடுங்கள், விதை குறைவென்றால் வரிசையைச் சிறிதாக்குங்கள்.