கரையோர ஓடிபி ஆய்வை ஜர்னலுக்கு அனுப்புவது எப்படி? முதல்முறை எழுதுவோருக்கு

"ராமநாதபுரம் மாவட்ட மீனவர்களிடையே சைபர் பாதுகாப்பு விழிப்புணர்வு: ஓர் ஆய்வு." இப்படித் தலைப்பிட்டு ஒரு சர்வதேச ஜர்னலுக்கு அனுப்பினால், கட்டுரை மதிப்பாய்வாளர் கைக்கே போகாமல் எடிட்டர் மேசையிலிருந்து திரும்பி வர நிறைய வாய்ப்பு உண்டு. ஊர் சின்னது என்பதாலோ ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதாலோ அல்ல. விழிப்புணர்வு குறைவு என்பது ஒரு கண்டுபிடிப்பே இல்லை. அது எல்லா ஊரிலும் குறைவுதான். பாதுகாப்பில் மனிதக் காரணிகள் என்ற துறை கேட்பது வேறு. ஆளுக்கும் கருவிக்கும் நடுவில் எந்த இடத்தில் பிசகுகிறது, ஏன் பிசகுகிறது? 1999-ல் ஆன் ஆடம்ஸும் ஏஞ்சலா சாஸும் பாஸ்வேர்டு பற்றி எழுதிய காலத்திலிருந்தே, பயன்படுத்துபவரைத் திட்டுவதைவிட அவருக்கு ஒத்துவராத ஏற்பாட்டைக் கேள்வி கேட்பதுதான் இங்கே வழக்கம்.

படி 1: கேள்வியைத் திருத்துங்கள்

கடலுக்குப் போகிறவர் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கணக்கு அவர் பெயரில். ஓடிபி வந்து விழுவது அடுப்படி அலமாரியில் இருக்கும் போனில். எடுத்துப் படித்துச் சொல்வது மனைவியோ பள்ளிக்கூடம் போகும் மகளோ. ஓடிபி என்ற ஏற்பாடே 'ஓர் ஆளுக்கு ஒரு போன்' என்ற கணக்கில் செய்யப்பட்டது. இந்த வீட்டிலோ நம்பரை இன்னொருவர் வாசித்துச் சொல்வது அன்றாட வேலை. 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று வங்கி அனுப்பும் எச்சரிக்கையை இவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? 'யாரிடமும்' என்பதில் வீட்டு ஆள் அடங்குமா? வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவர் அடங்குவாரா?

கட்டுரை அங்கே இருக்கிறது. தலைப்பும் தானாக வந்துவிடும்: "உரிமையாளர் கடலில், போன் கரையில்: குடும்பத்துக்குள் ஓடிபி பகிர்வு." மீன் விற்கும் இடத்தில் திரையைப் பார்க்காமல், பணம் வந்துவிட்டதாகச் சொல்லும் ஸ்பீக்கர் பாக்ஸ் சத்தத்தை மட்டும் நம்பிச் சரக்கைக் கொடுப்பது, கீழக்கரையில் வளைகுடாப் பணத்துக்காகக் காத்திருக்கும் வீட்டுக்கு வரும் போலி அழைப்பு என்று இதே மாதிரி வேறு கேள்விகளும் இந்தக் கரையில் கிடைக்கும்.

படி 2: நெறிமுறைக் குழு அனுமதி

ஆய்வில் பங்கேற்பவருக்குக் கெடுதல் வராதா என்று பார்த்து அனுமதி தருவது நெறிமுறைக் குழு. ஒரு ஆளிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு முன்பே அந்த அனுமதி கையில் இருக்க வேண்டும். தரவு எடுத்து முடித்தபின் பின்தேதியிட்டு யாரும் தரமாட்டார்கள். அனுமதி இல்லையென்றால் பல ஜர்னல்கள் கட்டுரையை ஏற்காது. உங்கள் கல்லூரியில் குழு இல்லையென்றால், குழு உள்ள வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு அதன் வழியாக வாங்குங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளைப் பின்பற்றி விண்ணப்பத்தை எழுதினால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படிவத்தை வாசித்துக் காட்டி, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் கைரேகை வாங்க வேண்டும். சாட்சியாகச் சங்கத் தலைவரையோ படகு முதலாளியையோ நிறுத்தாதீர்கள். அவர் பக்கத்தில் நின்றால் 'மாட்டேன்' என்று சொல்லக்கூடியவரும் சொல்லமாட்டார்.

போலி எஸ்எம்எஸ் அனுப்பி யார் லிங்க்கைத் தொடுகிறார்கள் என்று பார்க்கும் ஆய்வு என்றால் இன்னும் கவனம் வேண்டும். 'தடைக்கால நிவாரணம் வரவு வைக்கப்பட்டது, பார்க்க இங்கே தொடவும்' என்று அனுப்பினால் நிறையப் பேர் தொடுவார்கள்தான். ஆனால் மீன்பிடித் தடை மாதங்களுக்காக அரசு தரும் அந்தப் பணத்துக்காக உண்மையிலேயே காத்திருக்கும் வீட்டுக்கு அது செய்யக்கூடாத விளையாட்டு. மதிப்பாய்வாளர் இந்த ஒரு வரிக்காகவே கட்டுரையை நிராகரிக்கலாம். அதே செய்தியைத் தாளில் அச்சடித்துக் காட்டி 'இது வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். பேச்சின் நடுவில் ஏற்கனவே பணம் இழந்தவர் என்று தெரியவந்தால் கேள்விகளை நிறுத்திவிட்டு சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணைக் கொடுங்கள். போலிச் செய்தியை அச்சடித்த தாளையும் நெறிமுறைக் குழு விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.

படி 3: எப்போது, எத்தனை பேரிடம், எதை வைத்து

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், வலை பின்னும் இடத்தில் உட்கார்ந்து பேசலாம். வசதியான காலம்தான், ஆனால் கையில் காசு இல்லாத காலமும் அதுவே. கடன் ஆப், நிவாரணம் பற்றி அப்போது வரும் பதில் மற்ற மாதங்களில் வருவது போல இருக்காது. இதைக் கட்டுரையின் வரம்புகள் பகுதியில் நீங்களே சொல்லிவிடுங்கள். நாட்டுப்படகுகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்பதால் இரு தரப்பையும் ஒரே குவியலாகச் சேர்க்கவும் வேண்டாம்.

எண்ணிக்கை விஷயத்தில் நம் ஆய்வேடுகளுக்கு 384 என்ற எண் மேல் ஒரு காதல். 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் பிழை வரம்பு என்று வைத்தால் காக்ரன் சூத்திரம் தருவது அது. சூத்திரம் எதிர்பார்ப்பது குலுக்கல் முறையில் எடுத்த மாதிரி. நீங்கள் எடுத்ததோ பாம்பன் பாலத்தடியில் அகப்பட்டவர்களிடம். அப்போது 384 என்பதற்கு அர்த்தமே இல்லை. இரண்டு குழுக்களை ஒப்பிடுவதாக இருந்தால் ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் கணக்கிடுங்கள். நடுத்தர விளைவு (குழுக்களுக்கு இடையிலான வேறுபாட்டின் அளவு) 0.5, பிழை அளவு (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) 0.05, திறன் (இருக்கும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 0.80 என்று கொடுத்தால் குழுவுக்கு 64, மொத்தம் 128 பேர். நேர்காணல் ஆய்வுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. புதிய கருத்து வருவது எப்போது நின்றது, எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று எழுதினால் போதும்.

அளவுகோல்: ஈகல்மனும் பீரும் 2015-ல் வெளியிட்ட 16 கேள்வி கொண்ட செபிஸ் (SeBIS) என்ற பாதுகாப்புப் பழக்கக் கேள்வித்தாள் பலரும் எடுப்பது. 63 கேள்வி கொண்ட ஹைஸ்-கியூ (HAIS-Q) அலுவலக ஊழியர்களுக்கானது, மீனவருக்கு ஒத்துவராது. செபிஸையும் அப்படியே மொழிபெயர்த்துவிடக் கூடாது. அதில் கம்ப்யூட்டர் திரை தானாகப் பூட்டிக்கொள்வது பற்றிக் கேள்வி வருகிறது. வீட்டுக்கு ஒரே போன், அதன் பேட்டர்ன் எல்லோருக்கும் தெரியும் என்றால் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் எதை அளக்கிறது? ஒருவர் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், பிறகு ஐந்தாறு பேரிடம் 'இந்தக் கேள்வி உங்களுக்கு என்னவாகப் புரிந்தது?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 'அரிதாக' என்ற சொல்லில் தயங்கி நிற்பவர், 'எப்பவாவது' என்றதும் சட்டென்று பதில் சொல்வார். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் க்ரான்பாக் ஆல்பா 0.70-க்குக் கீழே போனால் மறைக்காமல் எழுதி, எந்தக் கேள்வி கெடுக்கிறது என்று காட்டுங்கள். அதுவே சில நேரம் கட்டுரையின் நல்ல பகுதியாகிவிடும்.

படி 4: ஜர்னலைத் தேர்ந்தெடுத்தல்

எல்சவியர் பதிப்பகத்தின் 'கம்ப்யூட்டர்ஸ் அண்ட் செக்யூரிட்டி', எமரால்டின் 'இன்ஃபர்மேஷன் அண்ட் கம்ப்யூட்டர் செக்யூரிட்டி', ஆக்ஸ்ஃபோர்டின் 'ஜர்னல் ஆஃப் சைபர்செக்யூரிட்டி' மூன்றையும் முதலில் பாருங்கள். கடைசியாக வந்த இரண்டு ஆண்டு இதழ்களில் உங்கள் கட்டுரை மாதிரி குறைந்தது மூன்று கட்டுரையாவது இருக்கிறதா? இல்லையென்றால் அது உங்கள் கடை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு இதழ் முழுத் திறந்த அணுகல், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கலாம், ஆசிரியருக்கு வெளியீட்டுக் கட்டணம் உண்டு; விலக்கு கேட்பதென்றால் அனுப்புவதற்கு முன்பே கேளுங்கள். மற்ற இரண்டிலும் சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் ஆசிரியர் பணம் கட்ட வேண்டியதில்லை.

'மதிப்பிற்குரிய பேராசிரியரே, ஏழு நாளில் வெளியிடுகிறோம்' என்று வரும் மெயிலும் ஒரு ஃபிஷிங்தான், ஏமாற்றிச் சிக்கவைக்கும் தூண்டில். 'யூஜிசி கேர் பட்டியலில் (பல்கலைக்கழக மானியக் குழுவின் ஜர்னல் பட்டியல்) உள்ளோம்' என்ற விளம்பரத்துக்கும் இப்போது மதிப்பில்லை. அந்தப் பட்டியலையே யூஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டதாக அறிவித்துவிட்டது. நல்ல ஜர்னலின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு. கூகுளில் முதலில் வருவதைத் தொடாமல், ஆய்வு இதழ்களைத் தொகுக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் பட்டியலில் பெயரையும் ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண்ணையும் ஒப்பிட்டு, பதிப்பகத்தின் தளம் வழியாகப் போங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னலுக்கு அனுப்புவது கூடவே கூடாது.

படி 5: எழுதும்போது

மதிப்பாய்வாளர் நார்வேயில் இருக்கலாம். அவருக்கு ஒரு பத்தி எழுதுங்கள்: யார் கடலுக்குப் போகிறார், யார் விற்கிறார், பணம் யார் கணக்கில் விழுகிறது, போன் யார் கையில். ராமர் பாலம், பாம்பன் தூக்குப்பாலம், அப்துல் கலாம் பிறந்த ஊர் எல்லாம் அந்தப் பத்தியில் வேண்டாம்.

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். '52 வயது, ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் முன்னாள் கவுன்சிலர்' என்று போட்டால் ஊரில் யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். வயதை 50-59 என்று ஆக்கி, தொழிலைப் பொதுவாகச் சொல்லி, தேவைப்பட்டால் ஊர்ப் பெயரையும் எடுத்துவிடுங்கள். மேற்கோள்களுக்குத் தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பில் வைத்தால் மொழிபெயர்ப்பின் மேல் நம்பிக்கை கூடும்.

படி 6: பதிவேற்றம்

இதற்கு ஒரு முழு மதியம் ஒதுக்குங்கள். ஆசிரியர் பெயர் உள்ள தலைப்புப் பக்கம் தனிக் கோப்பு, பெயரில்லாத கட்டுரை தனிக் கோப்பு என்று கேட்டால், எழுதியவர் யார் என்று மதிப்பாய்வாளருக்குத் தெரியக்கூடாது என்று அர்த்தம். வேர்டு கோப்பின் பண்புகளிலும் உங்கள் பெயர் ஒளிந்திருக்கும், அதையும் நீக்குங்கள். நன்றியுரை, 'எங்கள் முந்தைய ஆய்வில்' என்ற சொல், கல்லூரி பெயரோடு வரும் அனுமதி எண் மூன்றும் வழக்கமாகக் காட்டிக்கொடுப்பவை. வரி எண்களைப் போடுங்கள். எல்சவியர் கேட்கும் ஹைலைட்ஸ் (கட்டுரையின் முக்கியக் குறிப்புகள்) மூன்று முதல் ஐந்து வரி, ஒவ்வொன்றும் இடைவெளி உட்பட 85 எழுத்துக்குள். எமரால்டில் சுருக்கம் 250 சொல்லுக்குள், நோக்கம், முறை, முடிவுகள், புதுமை என்று உபதலைப்போடு வர வேண்டும். ஏஐ கருவியை எழுத்துக்குப் பயன்படுத்தியிருந்தால் அறிவித்துவிடுங்கள்.

நம்மவர்கள் தடுக்கி விழும் கட்டம் ஒன்று உண்டு: குடும்பப் பெயர். முதலெழுத்து மட்டும் வைத்திருப்பவர் அங்கே வெறும் புள்ளி வைத்தால் தரவுத்தளங்களில் நீங்கள் மூன்று ஆளாகப் பிரிந்துபோவீர்கள். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) வாங்கி, எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். இணை ஆசிரியர்களுக்கு உறுதிப்படுத்தல் மெயில் போகும். ஸ்பாம் பெட்டியில் தேடச் சொல்லுங்கள்.

படி 7: மதிப்பாய்வு வந்தபின்

'மேஜர் ரிவிஷன்', அதாவது பெரிய அளவில் திருத்தித் தாருங்கள் என்பது நல்ல செய்தி. ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு மறுபடி படியுங்கள். ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே நகலெடுத்து, கீழே பதில், அதன் கீழே மாற்றிய பக்கமும் வரியும். உதாரணமாக, 'மாதிரி குலுக்கல் முறையில் எடுக்கப்படவில்லை. மாவட்டத்துக்கே பொதுவாக எப்படிச் சொல்கிறீர்கள்?' என்று வந்தால், 'உண்மை. மாவட்டம் முழுவதற்கும் என்ற கூற்றை நீக்கினோம். மூன்று இறங்குதளங்களில் பேசியவர்களைப் பற்றி மட்டுமே இப்போது சொல்கிறோம். பக்கம் 4, வரி 12. பக்கம் 19, வரி 3' என்று முடித்துவிடலாம். நன்றி சொல்லி நான்கு வரி வளர்த்தால் யாரும் படிக்கப்போவதில்லை. ஏற்க முடியாத குறிப்பை ஏற்க வேண்டியதில்லை, காரணம் எழுதுங்கள். கெடு போதாவிட்டால் முடிவதற்கு முன்பே மெயில் போட்டுக் கேளுங்கள்; பெரும்பாலும் தருவார்கள்.

ஏற்றுக்கொண்டபின், வெளியாகும் முன் நீங்கள் சரிபார்க்க அச்சுப்படி வரும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கெடுவோடு. அட்டவணை எண்கள், ஆசிரியர் பெயர் வரிசை, தங்கச்சிமடம், தேவிபட்டினம் போன்ற ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் இவற்றைத்தான் முதலில் பாருங்கள். அச்சுக் கோப்பவர் அவற்றை இதற்கு முன் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.