டிராமா படங்களை வீட்டில் சேர்த்து வைப்பது: சரியான பிரதியைத் தேர்ந்தெடுப்பதும் அதைக் காப்பதும்

படத்தின் பெயர் கிடைத்துவிட்டால் படமே கிடைத்துவிட்டது என்று நினைப்பதால்தான் பல தொகுப்புகள் வீணாகின்றன. சண்டைப் படத்தில் பத்து நிமிடம் போனாலும் கதை ஓடிவிடும். டிராமாவில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அரை நிமிடத்தில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. நீளத்தைக் குறைப்பவர் முதலில் கைவைப்பதும் அங்கேதான். அதனால் ஒரு படத்தை வாங்குமுன் மூன்றைப் பாருங்கள்: எத்தனை நிமிடம், ஃபிரேம் முழுதாக இருக்கிறதா, ஒலி எந்த மொழியில் இருக்கிறது.

தொடங்க முப்பது படம் போதும். பழையதும் புதியதும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்படி தேர்ந்தெடுங்கள். குரோசாவாவின் ‘இகிரு’ (1952) இருந்தால் பக்கத்தில் அதன் ஆங்கில மறுஆக்கமான ‘லிவிங்’ (2022). டக்ளஸ் சர்க்கின் ‘ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்’ (1955), அதிலிருந்து கிளைத்த ஃபாஸ்பைண்டரின் ‘அலி: ஃபியர் ஈட்ஸ் த சோல்’ (1974), டாட் ஹெய்ன்ஸின் ‘ஃபார் ஃப்ரம் ஹெவன்’ (2002) மூன்றையும் ஒரே வாரத்தில் பார்த்தால், ஊர் வாய்க்குப் பயந்த ஒரு பெண்ணின் கதை எப்படி மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்று புரியும். தமிழில் ‘உதிரிப்பூக்கள்’ (1979), ‘வீடு’ (1988) இரண்டும் இல்லாமல் தொடங்க வேண்டாம். அவற்றோடு ‘காக்கா முட்டை’யும் ‘கூழாங்கல்’லும் சேரட்டும்.

நீளத்தைச் சரிபார்ப்பது

இந்தியப் படங்களுக்கு நல்ல சாட்சி படத்தின் தொடக்கத்திலேயே வரும் தணிக்கைச் சான்றிதழ். அங்கே நிறுத்திவிட்டுப் படியுங்கள். பழைய படங்களில் நீளம் மீட்டரில் இருக்கும். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுவதால் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27.43 மீட்டர். சான்றிதழில் 4,200 மீட்டர் என்றிருந்தால் 27.43-ஆல் வகுங்கள்: 153 நிமிடம். உங்கள் டிஸ்க் 135 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் நான்கைந்து பாடல்களின் அளவுக்குப் படம் காணாமல் போயிருக்கிறது. சான்றிதழின் கீழ் மூலையில் முக்கோணக் குறி இருந்தால், தணிக்கையில் வெட்டு வாங்கிய பிறகே அந்தப் படம் சான்றிதழ் பெற்றது என்று பொருள். இணையத்தில் ஏற்றும் பிரதிகள் பலவற்றில் சான்றிதழையே நறுக்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பிரதியைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

நீளம் குறைந்தால் உடனே வெட்டு என்றும் முடிவுகட்ட வேண்டாம். ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்குச் செய்த டிவிடிகளில் (ஐரோப்பிய வெளியீடுகள், இங்கே வந்தவற்றிலும் சில) நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 25 ஓடும். அதனால் படம் 4 சதவீதம் சீக்கிரம் முடியும். 136 நிமிட ‘டோக்கியோ ஸ்டோரி’ அதில் 130 அல்லது 131 என்று காட்டும். எதுவும் குறையவில்லை, குரல்கள்தான் கொஞ்சம் கீச்சென்று கேட்கும். மூல நீளத்தை 0.96-ஆல் பெருக்கி ஒப்பிடுங்கள். ஓரிரு நிமிடத்துக்குள் ஒத்துவந்தால் பிரதி சரி. புளூரே பெரும்பாலும் 24 ஃபிரேமிலேயே ஓடுவதால் இந்தக் கணக்கு அங்கே தேவைப்படாது.

சில படங்களுக்கு இயக்குநரே ஒன்றுக்கு மேற்பட்ட வடிவம் கொடுத்திருக்கிறார். பெர்க்மனின் ‘ஃபேனி அண்ட் அலெக்சாண்டர்’ திரையரங்கில் 188 நிமிடம், தொலைக்காட்சித் தொடராக 312 நிமிடம். ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் 312-ஐ எடுங்கள். அந்த வீட்டின் மனிதர்கள் எல்லோருக்கும் அதில்தான் இடம் கிடைக்கிறது. ‘சினிமா பாரடைசோ’வுக்கு நேர்மாறு. உலகம் கொண்டாடிய 124 நிமிட வடிவத்தை முதலில் பாருங்கள். 173 நிமிட வடிவம் பழைய காதலுக்கு விடை சொல்லிவிடுகிறது. அந்த விடை தெரியாமல் இருப்பதில்தான் முதல் வடிவத்தின் வலியே இருக்கிறது.

ஃபிரேமும் முகமும்

1950-களின் தொடக்கம் வரை வந்த படங்கள் பெரும்பாலும் 1.37:1 என்ற, ஏறக்குறையச் சதுரமான அளவில் எடுக்கப்பட்டவை. 1920×1080 திரையில் அது சரியாக வந்தால் இரு பக்கமும் சுமார் 220 பிக்சல் கறுப்பாக இருக்கும். கறுப்பே இல்லாமல் திரை நிறைந்திருந்தால் ஒன்று இழுத்திருக்கிறார்கள், இல்லையென்றால் மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். வட்டமான ஏதாவது ஒன்று வரும் இடத்தில் (தட்டு, சைக்கிள் சக்கரம், சுவர்க் கடிகாரம்) நிறுத்திப் பாருங்கள். முட்டை வடிவத்தில் தெரிந்தால் இழுத்தது. வட்டம் வட்டமாகவே இருந்து தலைமுடி மட்டும் திரைக்கு வெளியே போனால் வெட்டியது. இழுத்ததை டிவி அமைப்பில் ‘4:3’ அல்லது ‘ஒரிஜினல்’ என்று மாற்றிச் சரிசெய்யலாம். டிஸ்கிலேயே வெட்டியிருந்தால் வேறு பிரதி தேடுவதைத் தவிர வழியில்லை.

டிவி அமைப்புக்குள் போனதும் மோஷன் ஸ்மூத்திங்கை (இல்லாத ஃபிரேம்களை டிவியே இடையில் செருகி அசைவை வழுக்கலாக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு டிவி நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். அது ஓடிக்கொண்டிருந்தால் எந்தக் காவியமும் மெகா சீரியல் போலத் தெரியும்.

‘ரீமாஸ்டர்’ என்ற வார்த்தையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். வயதான ஒருவரின் முகம் நெருக்கமாக வரும் காட்சியைப் பாருங்கள். கன்னத்தின் சுருக்கங்கள் மறைந்து தோல் மெழுகுபோல வழுவழுப்பாக இருந்தால், ஃபிலிமில் இயல்பாகவே இருக்கும் நுண்மணிகளைத் (கிரெய்ன்) துடைக்கிறேன் என்று நடிப்பையும் சேர்த்துத் துடைத்திருக்கிறார்கள். மழை, புகை, நரைமுடி இந்த மூன்றிலும் இதே குறை பளிச்சென்று தெரியும். முறையான சீரமைப்பு எப்படியிருக்கும் என்பதற்கு ‘பதேர் பாஞ்சாலி’ அளவுகோல். அதன் மூல நெகட்டிவ் 1993-இல் லண்டன் லேபில் நடந்த தீவிபத்தில் கருகியது. மிஞ்சிய பகுதிகளை இத்தாலியின் பொலோனாவில் பக்குவப்படுத்தி, இல்லாத இடங்களை வேறு பிரதிகளால் நிரப்பி, 4கே சீரமைப்பு 2015-இல் வெளிவந்தது. இந்தப் படத்தை வாங்கும்போது அந்தச் சீரமைப்புதானா என்று உறையில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மோனோவில் (ஒற்றைத் தட ஒலி) எடுத்த படத்துக்கு மூல மோனோ ஒலித்தடமும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் செய்த 5.1-இல் (பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்த ஒலி) பின்னணி இசை வசனத்தை அமுக்கிவிடுவதுண்டு.

டிஸ்க் வாங்கும்போது

டிஸ்க் எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்று பிரித்திருப்பதுதான் மண்டலம். இந்தியாவுக்கு டிவிடி மண்டலம் 5, புளூரே மண்டலம் சி. அமெரிக்கப் புளூரே பெரும்பாலும் ஏ, ஐரோப்பியது பி. மண்டலப் பூட்டு உள்ளவை இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. 4கே யூஎச்டி டிஸ்குகளுக்கு மண்டலம் இல்லை. கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம். ஐந்தாவது மாற்றத்தோடு அது நிலையாகிவிடும் என்பதால் விளையாட்டாக மாற்றிப் பார்க்க வேண்டாம்.

ஒரே டிவிடியில் மூன்று படம் போட்டு விற்பதைத் தவிர்த்துவிடுங்கள். இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி. 150 நிமிடப் படம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு சுமார் 7.5 மெகாபிட் கிடைக்கும். மூன்றைத் திணித்தால் ஒவ்வொன்றுக்கும் 2.5-தான். இருட்டுக் காட்சியில் சுவர் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான்.

பழைய டிஸ்க் என்றால் விளக்கை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனைத் துளைகளாக வெளிச்சம் தெரிந்தாலோ, ஓரத்தில் வெண்கல நிறம் பரவியிருந்தாலோ உள்ளே இருக்கும் உலோகப் படலம் அரிக்கத் தொடங்கிவிட்டது. எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் போகும் கீறல் அவ்வளவு ஆபத்தில்லை. வட்டப் போக்கில் இருக்கும் கீறல்தான் மோசம். தகவல் சுருள் வரிசையில் பதிவாகியிருப்பதால், வட்டக் கீறல் அடுத்தடுத்த தகவலை ஒட்டுமொத்தமாக மறைக்கும். பிளேயர் தானாகச் செய்யும் பிழைதிருத்தம் அதை ஈடுகட்டாது. துடைக்கும்போதும் இதே காரணத்தால் நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில், மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். சட்டை முனையும் டிஷ்யூவும் வேண்டாம்.

கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் பிளாஸ்டிக் உறைகள் டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளும். கெட்டியான பெட்டிகளில் செங்குத்தாக அடுக்கி, மூடியுள்ள டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறியதும் மணிகளை மட்டும் தட்டில் பரப்பி, ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி பயன்படும்.

கோப்புகளும் சப்டைட்டிலும்

நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டுள்ள டிஸ்கை நகலெடுப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவோடு சிக்கலாகலாம். டிஸ்கையே பத்திரமாக வைப்பதுதான் முதல் வேலை. பூட்டில்லாமல் முறையாக வாங்கிய கோப்புகளுக்கு ஒரே மாதிரியான இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். படத்துக்கு 35 ஜிபி என்று வைத்தால் முப்பது படத்துக்கு ஒரு டெராபைட்டைத் தாண்டும். 2 டெராபைட் எடுங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏற மறுத்தால் ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருக்கிறது. அதிலிருப்பதை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள்.

சப்டைட்டில் பொருந்தாவிட்டால் எங்கே விலகுகிறது என்று பாருங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகல் என்றால் விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளில் ஜி, ஹெச் விசைகள் போதும். ஒரு தட்டுக்கு 50 மில்லிநொடி நகரும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகி, இரண்டு மணி நேரப் படத்தின் கடைசியில் ஐந்து நிமிடம் தள்ளிப்போனால், அது 25 ஃபிரேம் பிரதிக்குச் செய்த சப்டைட்டில். சப்டைட்டில் எடிட் மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை 25-லிருந்து 23.976-க்கு மாற்றுங்கள். தமிழ் சப்டைட்டில் கேள்விக்குறிகளாக வந்தால் கோப்பை யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியீட்டில் சேமியுங்கள். எழுத்து வந்தும் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நின்றால் குறை டிவியில் உள்ள பிளேயருடையது. கணினியை டிவியோடு இணைத்துப் போடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரு விரிதாளில் எழுதி வையுங்கள்: பெயர், ஆண்டு, இயக்குநர், நிமிடம், ஃபிரேம் அளவு, ஒலி, சப்டைட்டில், மண்டலம், எந்த டப்பா, கடைசியாக ஓட்டிப் பார்த்த தேதி, யாரிடம் இரவல். கடைசி இரண்டு கட்டங்களைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டிஸ்கிலும் கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். டிஸ்கின் தகவல் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பதிவாகிறது. ஒற்றை அடுக்கு டிஸ்கில் அந்தப் பத்து நிமிடம் விளிம்போரம் இருக்கும், அரிப்பு பெரும்பாலும் விளிம்பில்தான் தொடங்கும். இரட்டை அடுக்கு டிவிடியில் இரண்டாம் அடுக்கு விளிம்பிலிருந்து உள்நோக்கி வருவதால், அங்கே படத்தின் நடுப்பகுதியையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.