புது ரோவ் வண்டுக்குப் பெயர் வைக்கும் முன்: நான் செய்து தொலைத்த தவறுகள்

போன மாதம் இலங்கை மலைநாட்டின் தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி கட்டுரை வரைவோடு வந்தான். காட்டுச் சருகைச் சலித்துப் பிடித்த ரோவ் வண்டு, புது இனம் என்றான். இருக்கலாம். ஆனால் மூன்றாம் பக்கத்தைப் புரட்டியதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "ஆய்ந்த மாதிரிகள்: 9 ஆண், 14 பெண். ஓர் ஆண் பிரித்துப் பார்க்கப்பட்டது." எண்களை மாற்றினால் பத்து வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே வரி.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சொல். முன்சிறகு குட்டையாகி, வளர்ந்த பையன் பழைய சட்டையைப் போட்ட மாதிரி வயிறு வெளியே தெரியும் வண்டுதான் ரோவ் வண்டு. குடும்பத்தின் பெயர் ஸ்டஃபிலினிடே. பெயர் வைத்து முடித்தவையே 60,000 இனங்களுக்கு மேல். இரவில் விளக்கடிக்கு வந்து, நசுக்கினால் தோலைக் கொப்புளிக்க வைக்கும் பெடரஸ் இதே குடும்பந்தான்.

மங்கலான படம், அளவுகோடு இல்லாத வரைபடம், எழுத்துப் பிழை பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அவற்றை யாராவது திருத்தித் தருவார்கள்.

ஒரே சல்லடையில் விழுந்ததெல்லாம் ஒரே இனம் என்று நம்புவது

நுவரெலியாவுக்கு மேலே, 2,000 மீற்றர் தாண்டிய மேகக்காடு. அனுமதிப் பத்திரம் சட்டைப் பையில், இரத்தம் குடிக்கும் அட்டை காற்சட்டைக்குள். ஒரு மரத்தடியில் சருகைச் சலித்து, பையில் கட்டி எடுத்து வந்து உலரவிட்டேன். பதினொரு வண்டுகள் இறங்கின. எல்லாம் 4 மில்லிமீற்றர், எல்லாம் செம்பழுப்பு, எல்லாவற்றுக்கும் பறக்கும் சிறகு தேய்ந்து போயிருந்தது. அண்ணன் தம்பி போலத்தான் இருந்தன. ஐந்து ஆண், ஆறு பெண்.

இந்தக் குடும்பத்தில் இனத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எடியாகஸ் என்னும் ஆணுறுப்பின் வடிவம். நான் கைக்கு முதலில் வந்த ஆணைப் பிரித்தேன். அதன் உணர்கொம்பு ஏற்கெனவே முறிந்திருந்ததால், கெட்டது கெட்டதாகவே இருக்கட்டும் என்று அதையே தேர்ந்தேன். சிக்கனமாம்! முழு உடல் படத்துக்கு அங்கம் குறையாத இன்னொன்றை எடுத்தேன். அளவுகளை மற்ற நான்கிலும் எடுத்துச் சராசரி போட்டேன். ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கே அடையாளமாக நிற்கும் ஒற்றை மாதிரி, ஆக்கியதும் படத்துக்கு நின்ற அந்த அழகனைத்தான்.

மதிப்பாய்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். எட்டாம் வயிற்றுத் தகட்டின் பின்விளிம்பில் வெட்டு ஆழமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், படத்தில் அது ஆழமில்லையே, ஏன்?

அன்றிரவே மீதி நான்கு ஆண்களையும் பிரித்தேன். நான்கிலும் ஆணுறுப்பின் நுனி மழுங்கியிருந்தது. முதலில் பிரித்ததில் மட்டும் கொக்கி போல வளைந்திருந்தது. ஒரே மரத்தடியில், ஒரே சருகில் இரண்டு இனங்கள். என் கட்டுரையில் இருந்தது தலை ஒன்றினுடையதும் வால் இன்னொன்றினுடையதுமான ஒரு விலங்கு. அப்படி ஒரு வண்டு உலகத்தில் எங்கும் கிடையாது.

அதோடு முடிந்திருந்தால் இன்றைக்கும் எரிச்சல் வராது. கொக்கி நுனி இனத்துக்கு என்னிடம் மிஞ்சியது உணர்கொம்பு முறிந்த ஓர் ஆண் மட்டும். ஆறு பெண்களில் எது எந்த இனத்துக்குச் சொந்தம் என்று சொல்ல வழியில்லை. டி.என்.ஏ. பார்த்துச் சேர்த்திருக்கலாம், அதற்கு வண்டுகளைச் செறிந்த எதனோலில் போட்டு வைத்திருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் அட்டையில் ஒட்டிக் காயவிட்டிருந்தேன். அனுமதிக் காலம் முடிந்துவிட்டது. புது அனுமதி வாங்கி, மழை பார்த்துத் திரும்பப் போனால், அந்த மரமே சரிந்து கிடந்தது. சுற்றிலும் சலித்தேன். மழுங்கிய நுனிக்காரன் வந்தான், கொக்கிக்காரன் வரவில்லை. இரண்டு வருடம் போயிற்று. அந்த ஒற்றை ஆண் இன்னும் பெயரில்லாமல் பெட்டியில் இருக்கிறது. எந்தச் சாதி (பேரினம்) என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். "சேர், எல்லாம் ஒரே இடத்துல எடுத்ததுதானே?" என்றான். தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் எல்லாம் ஒரே குடும்பமா என்று கேட்டேன்.

வேலை அவ்வளவு பெரிதில்லை. காய்ந்த வண்டைச் சுடுநீரில் ஊறவைத்து, வயிற்று நுனியிலிருந்து நுண்ணூசியால் உறுப்பை இழுத்து, பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் சற்று வைத்துத் தசையைக் கரைத்து, கழுவி, கிளிசரினில் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் அதே வண்டின் அதே ஊசியில் சிறு அட்டையில் ஏற்றிவிடுங்கள். பிறகு ஏற்றலாம் என்று கண்ணாடித் தட்டில் வரிசையாக வைத்தால், எது யாருடையது என்று மறுநாள் உங்களுக்கே தெரியாது. ஹோலோடைப் என்பது நீங்கள் பிரித்த, வரைந்த, படமெடுத்த அதே ஆணாக இருக்கட்டும். மற்ற ஆண்கள் எல்லாவற்றையும் பிரித்த பிறகு பாராடைப் பட்டியலை, அதாவது ஹோலோடைப்போடு சேர்த்துக் காட்டும் மற்ற மாதிரிகளின் பட்டியலை, எழுதுங்கள். சந்தேகமான பெண்களைப் பட்டியலுக்கு வெளியே வையுங்கள்.

நிறம் வெளிறி, உடல் மென்மையாக இருந்தால் அது கூட்டுப்புழுவிலிருந்து இப்போதுதான் வந்த வண்டு. அதன் ஆணுறுப்பு இறுகியிருக்காது, காய்ந்தால் சுருங்கிப் புது வடிவம் காட்டும். அதை நம்பி ஓர் இனத்தைப் படைத்துவிடாதீர்கள்.

தம்பி அதன்பின் மேலும் மூன்றைப் பிரித்திருக்கிறான். மூன்றும் ஒன்றுதானாம். இன்னும் ஐந்து இருக்கின்றன.

பழைய பெயர்களைத் தேடாமல் விடுவது

1850களில் இறம்பொடையில் நீட்னர் என்ற ஜெர்மானியத் தோட்டக்காரர் வண்டு சேகரித்தார். அவர் அனுப்பியவற்றை வைத்து கிராட்ஸ் என்பவர் 1859இல் இலங்கை ரோவ் வண்டுகளை விவரித்தார். பிறகு மால்கம் கமரோன் 1930 முதல் 1939 வரை, பிரித்தானிய இந்தியாவின் விலங்குகள் வரிசையில் இந்தக் குடும்பத்துக்கென்றே நான்கு தொகுதிகள் எழுதினார். இலங்கையும் அதற்குள் அடக்கம். உங்கள் "புது" வண்டு தேயிலைக்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே பெயர் வாங்கியிருக்கலாம்.

வாசித்தால் மட்டும் போதாது. நிறம் இருக்கும், புள்ளிக் குழிகள் இருக்கும், ஆணுறுப்பின் படம் பெரும்பாலும் இருக்காது. மூல மாதிரிகளைத்தான் பார்க்க வேண்டும். கிராட்ஸினுடையவை ஜெர்மனியின் முன்செபெர்க்கில், கமரோனுடையவை இலண்டனில். பொறுப்பாளருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதினால் பலர் படம் அனுப்புவார்கள். அந்தக் காலத்தவர்கள் பலமுறை ஒரு பெயருக்கு ஒரு கூட்டத்தையே மாதிரியாக விட்டுப் போனார்கள், அதற்குள்ளும் இரண்டு இனங்கள் கலந்திருப்பது புதுமையல்ல. அவர்களுக்காவது மன்னிப்பு உண்டு.

லேபிளில் "நுவரெலியா" என்று மட்டும் எழுதுவது

நகரமா, மாவட்டமா? 2,524 மீற்றர் பிதுருதலாகலையும் அந்த மாவட்டந்தான், மகாவலிக் கரையோர வெக்கையும் அந்த மாவட்டந்தான். நம் ஆட்களுக்கே உரிய இன்னொரு தவறும் உண்டு. தோட்டத்துக்கு நம் வாயில் ஒரு பெயர், வரைபடத்தில் வேறு பெயர். என் பழைய லேபிள் ஒன்றில் பாட்டி சொல்லும் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். ஆள்கூறும் உயரமும் இல்லாவிட்டால் அந்த இடத்தை என் பாட்டி மட்டுமே கண்டுபிடிப்பார்.

பெயரை மாநாட்டில் அவிழ்த்துவிடுவது

விவரணம் இல்லாத பெயர் செல்லாது, ஆனால் ஊரெல்லாம் சுற்றும். வாயை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரையே வைப்பது

ஐயோ.

ஹோலோடைப்பை மேசை இழுப்பறையில் வைத்திருப்பது

1999க்குப் பிறகு வெளியாகும் புது இனத்துக்கு ஹோலோடைப் எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்பதையும் கட்டுரையில் சொல்லியாக வேண்டும். எழுதிவிட்டுக் கொடுக்காமல் இருப்பவர்களும் உண்டு. "அடுத்த மாதம் கொழும்புக்குப் போகும்போது கொடுக்கிறேன்" என்று நானும் வைத்திருந்தேன். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்தது. துடைத்து வைத்தேன். பிறகு எறும்பு வந்து பாராடைப் ஒன்றின் தலையைக் கொண்டுபோயிற்று.