நீலத்தைத் தேய்த்து மறைக்காதீர்கள்: கத்தி செய்யத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்தி செய்யக் கற்றுக்கொடுக்க எனக்கு யாரும் இருக்கவில்லை. கெட்டுப்போன இரும்பைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். அண்மையில், புதிதாகத் தொடங்கிய சிலர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறுகள், கிட்டத்தட்ட அதே வரிசையில். கண்ணாடி போடுங்கள், தூசிக்கு முகமூடி போடுங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நான் அவற்றைத் தொடப்போவதில்லை.

பெயர் தெரியாத இரும்பில் தொடங்குவது

கட்டுமானக் கம்பியில் கத்தி வடிவம் அழகாகவே வரும். ஆனால் அதில் கரிமம் போதாது. எத்தனை முறை தோய்த்தாலும், அதாவது பழுக்கச் சூடாக்கி எண்ணெயில் இறக்கினாலும், கத்திக்கு வேண்டிய கடினம் ஏறாது. பழைய வண்டியின் வில்பட்டை நல்ல எஃகுதான். வருடக்கணக்கில் வளைந்து நிமிர்ந்ததில் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால், எண்ணெயில் இறக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அத்தோடு சரி. முதல் சில கத்திகளை 1084 போன்ற, பெயர் தெரிந்த எஃகில் செய்யுங்கள். தவறு நடந்தால் இரும்பிலா, கையிலா என்று குழம்ப வேண்டியிருக்காது.

காந்தம் விட்டதும் எடுத்துவிடுவது

தோய்ப்பதற்காக உலையில் சூடாக்கும்போது, எஃகு ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸில் காந்தத்தில் ஒட்டாமல் போகும். அது போதும் என்று எடுத்துவிடுகிறார்கள். 1084 கடினமாக 815 வாக்கில் வேண்டும். காந்தம் விட்ட பிறகு நிறம் இன்னும் ஒரு சாயல் வெளுக்கும் வரை பொறுங்கள். மஞ்சளாகும் வரை விட்டாலும் கெட்டது. எஃகுக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகள் பருத்து அலகு எளிதில் உடையும்.

கடைசித் தேய்ப்பில் வாயைச் சுட்டுவிடுவது

இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு எரிச்சல் வரும். எல்லாம் முடிந்த பிறகு, கடைசி அரை மணி நேரத்தில் நடக்கிற தவறு இது.

தோய்க்கும் முன் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, மெல்லியதாகத் தேய்த்தால் கோணிவிடும். அதனால் 1 மி.மீ. அளவு கனம் விட்டுத் தோய்க்கிறோம். அப்புறம் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரண்டு முறை சூடாக்கி டெம்பர் வைக்கிறோம், அதாவது தோய்த்த எஃகு எளிதில் உடையாதபடி கொஞ்சம் பதப்படுத்துகிறோம். மிச்சமிருக்கும் கனத்தைப் பெல்ட் கிரைண்டரில் எடுக்கும்போதுதான் வினை. வாய் மெலிய மெலிய, சூடு பரவ இடமில்லை. முனையில் இன்னும் மோசம். கண் மூடித் திறப்பதற்குள் அங்கே நீலம் ஓடிவிடும். 200 டிகிரியில் எஃகின் மேல் வருவது வெளிர் வைக்கோல் நிறம். நீலம் வந்திருக்கிறது என்றால் சூடு 300 டிகிரியை நெருங்கிவிட்டது. அந்த இடத்தில் டெம்பர் அளவு மீறி, கடினம் போய்விட்டது.

என் அக்காவுக்கு ஒரு சமையலறைக் கத்தி செய்து கொடுத்தேன். முனையில் இரண்டு விரல் அகலத்துக்கு நீலம் ஓடியதைப் பார்த்தேன். உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தேன், போய்விட்டது. கத்தி பளபளவென்று இருந்தது. ஒரு மாதம் கழித்து அக்கா சொன்னாள்: “கத்தி நல்லாத்தான்டா இருக்கு, முனைப்பக்கம் மட்டும் ரெண்டு நாளைக்கு ஒரு தரம் தீட்ட வேண்டியிருக்கு.” வாங்கி வந்து வெளிச்சத்தில் பிடித்தேன். முனைப்பக்கம் வாய் ஒரு பக்கமாக மடிந்து, மெல்லிய வெள்ளிக் கோடாக மின்னியது. அரத்தை வைத்து இழுத்தேன். பிடிப்பக்கம் கண்ணாடியில் வழுக்குவது போல வழுக்கியது. முனைக்கு வந்ததும் கரகரவென்று கடித்தது. நிறத்தைத் தேய்த்தால் கடினம் திரும்பாது. வெப்பமானியை உதறி வைத்தால் காய்ச்சல் இறங்குமா?

நீலத்தைப் பார்த்தவுடன் தண்ணீரில் முக்கிவிட்டேன், சரியாகிவிட்டது என்றும் சொல்கிறார்கள். ஆகாது. மென்மையானது மென்மையானதுதான். மறுபடி கடினமாக்க உலைச் சூடு வேண்டும்.

சூடான பிறகு முக்குவதால் பயனில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் முக்குங்கள். கையுறை வேண்டாம். சுழலும் பெல்ட்டில் அது சிக்கினால் கையையும் இழுக்கும், சூட்டையும் உணரவிடாது. அலகின் மேல் தண்ணீர்த் துளி நிற்கட்டும். வாய்ப்பக்கத்துத் துளி காயத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். தேய்ந்த பெல்ட் வெட்டாது, உரசிச் சூடுதான் ஏற்றும். இந்த வேலைக்குப் புதுப் பெல்ட் போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள். கடைசிக் கூரைக் கல்லில் கையால் எடுங்கள்.

ஏற்கெனவே நீலம் வந்துவிட்டதா? அந்தப் பகுதி முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும், அல்லது மறுபடி தோய்த்து டெம்பர் வைக்க வேண்டும். மெலிந்த வாய் இரண்டாம் தோய்ப்பில் கோணும் என்பதால் அக்காவின் கத்தியில் முனையை இரண்டு விரல் வெட்டி எடுத்தேன். மொட்டை முனையோடுதான் இன்றும் இருக்கிறது.

தோய்த்துவிட்டு, டெம்பரை நாளைக்குத் தள்ளுவது

அன்றைக்கே வையுங்கள். அதுவரை அது கண்ணாடி.

துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் வைப்பது

கூடவே கூடாது. அந்தப் புகை நஞ்சு.

பிடியை இறுக்கிக் கவ்வுவது

கிளாம்பை முழு பலத்தோடு முறுக்கினால் பசையெல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும், உள்ளே ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. விளிம்பு நெடுக மெல்லிய கோடாகப் பசை தெரிந்ததும் முறுக்குவதை நிறுத்துங்கள்.