முன்பல்லை மட்டும் பார்த்து உணவைச் சொல்லாதீர்கள்

கூகை என்னும் ஆந்தை அடையும் பழைய கட்டடங்களின் தரையில், சாம்பல் நிறத்தில் மயிர் உருண்டைகள் கிடக்கும். பலர் நினைப்பதுபோல் அது எச்சம் அல்ல. செரிக்காத மயிரையும் எலும்பையும் கூகை வாய்வழியே கக்கியது. பிரித்துப் பார்த்தால் சின்னஞ்சிறு மண்டையோடுகளும் தாடைகளும் முழுசாகவே கிடைக்கும். பற்களைப் பார்த்து எந்த விலங்கு, என்ன தின்றது என்று படித்துப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. தப்பாகப் படிப்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

சுத்தம் செய்யும்போதே பாதிப் பிழை நேர்ந்துவிடும். பிளீச்சிங் பவுடர் எலும்பை அரிக்கும். கொதிக்கவைத்தால் பற்கள் கழன்றுவிடும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, உருண்டையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, டீ வடிகட்டியில் போட்டு மெல்ல அலசினால் போதும். பல் விழுந்திருந்தால் தாடையில் உள்ள குழிகளைப் பார்க்கலாம். ஆனால் ஒரு கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு, மூன்று வேர்கள் இருக்கும். குழிக்கு ஒரு பல் என்று எண்ணினால் கணக்கு எகிறிவிடும்.

அடுத்தது மூஞ்சூறு. பேச்சில் அதுவும் எலிதான். பல்லில் எந்த உறவும் இல்லை. வீட்டு எலிக்கு மொத்தம் 16 பற்கள். வெட்டுப்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் நடுவே பெரிய வெற்றிடம், கோரைப்பல் கிடையாது. நம் வீட்டு மூஞ்சூறுக்கு 30 பற்கள், இடைவெளியே இல்லாமல். அதன் முன்பல்லும் நீண்டு வளைந்திருப்பதால்தான் ஏமாறுகிறோம். அது கொறிக்கும் உளி அல்ல, பூச்சியைக் கவ்வும் இடுக்கி. மேல் கடைவாய்ப்பல்லை 10 மடங்கு லென்ஸில் பார்த்தால், கூரிய விளிம்புகள் நெளிநெளியாக ஓடும். கரப்பானின் ஓட்டை நறுக்க அதுதான் கத்தி. எலியின் கடைவாய்ப்பல்லிலோ மழுங்கிய குமிழ்கள் வரிசையாக நிற்கும். தானியத்தையும் கிடைத்த மற்றதையும் நசுக்க அதுவே போதும். சந்தேகம் தீராவிட்டால் கன்னத்தைப் பாருங்கள்: மூஞ்சூறுக்குக் கன்ன எலும்பு வளைவு கிடையாது.

நெளிவிளிம்பு இருந்தாலே மூஞ்சூறு என்றும் சொல்லிவிட முடியாது. பூச்சி தின்னும் வௌவாலுக்கும் அதே வடிவம்தான். ஆனால் அதற்குக் கோரைப்பல் பெரிதாகத் துருத்தி நிற்கும். பழந்தின்னி வௌவாலுக்கும் கோரைப்பல் கூர்மைதான். அதைப் பார்த்து 'ஊன் தின்னி' என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. பழத்தைக் குத்திப் பிடிக்கத்தான் அந்தக் கூர்மை. உள்ளே கடைவாய்ப்பற்கள் தாழ்ந்து, நெடுக ஒரு பள்ளத்தோடு இருக்கும். சதையை நசுக்கிச் சாற்றை விழுங்கிவிட்டு, சக்கையைத் துப்பிவிடும்.

கொறிப்பதெல்லாம் தின்பதற்கல்ல என்பதையும் மறந்துவிடுகிறோம். எலி மின்கம்பியைக் கடிக்கும்போது பல் இடைவெளியில் உதட்டை உள்ளே மடித்துக்கொள்ளும். சிராய் தொண்டைக்குள் போகாது.

முயலைக் கொறிவிலங்குகளோடு சேர்ப்பது பழைய பழக்கம். 1912-லேயே தொல்லுயிரியலாளர் கிட்லி அதை விலங்கு வகைப்பாட்டில் தனி வரிசையாகப் பிரிக்க வேண்டும் என்று வாதிட்டார். மேல் வெட்டுப்பல்லுக்குப் பின்னால் இன்னொரு குட்டி ஜோடி ஒளிந்திருக்கும், அதுதான் அடையாளம். பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரும் பற்சூத்திரத்தை, அதாவது எந்த வகைப் பல் எத்தனை என்ற கணக்கைக் கூட்டி 14 என்று நிறுத்திவிடாதீர்கள். அது ஒரு பக்கக் கணக்கு. முயலுக்கு மொத்தம் 28.

எலிக்கு வெட்டுப்பற்கள்தான் ஆயுள் முழுக்க வளரும். கீழ்ப்பல் வாரத்துக்குச் சுமார் 2.8 மில்லிமீட்டர். கடைவாய்ப்பல் வேர்பிடித்து நின்றுவிடும், தேய்ந்தால் தேய்ந்ததுதான். முயலுக்கோ எல்லாப் பற்களும் வளர்கின்றன. புல்லில் உள்ள சிலிக்கா என்ற கடினமான பொருள் பல்லைத் தேய்ப்பதால் இந்த ஏற்பாடு. அதனால்தான் குச்சித்தீவனமும் கேரட்டும் மட்டும் போட்டு வளர்க்கும் முயல்களுக்குக் கடைவாய்ப்பல்லின் ஓரம் கூர்ந்து, நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கிறது. கொறிக்க மரக்கட்டை வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். கட்டையில் தேய்வது முன்பல் மட்டுமே. தாடையை இடவலமாக அசைத்து மெல்லும்போதுதான் பின்பல் தேயும். அதற்கு நாள் முழுக்க உலர்புல் வேண்டும். நீண்ட முன்பல்லை நகவெட்டியால் வெட்டினால் அது நெடுக்காகப் பிளந்து வேர்வரை சீழ் பிடிக்கலாம். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் ராவிவிடுங்கள். அப்படியே பின்பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.