மார்கழிப் பனியில் மூச்சு திணறாமல் இருக்க: சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கான செய்முறை விளக்கம்

சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு, ஐப்பசி மழையில் தொடங்கித் தைப் பனி விலகும் வரை சோதனைக் காலம்தான். குளிர்காற்று மூச்சுக்குழாய்களைச் சுருக்குகிறது. அதிகாலையில் தெருப்புகையும் மேலே கலையாமல் தரையையொட்டியே தங்கிவிடுகிறது.

படி 1: மழைக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, ஆண்டுதோறும் போடவேண்டிய ஃப்ளூ தடுப்பூசியையும், நிமோனியா தடுப்பூசி தேவையா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இளைப்பு கூடினால் எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது என்பதை எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: தினசரி இன்ஹேலரை, உடம்பு நன்றாக இருக்கும் நாளிலும் நிறுத்தாதீர்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம். அழுத்தும் வகை இன்ஹேலரானால், மூடியைக் கழற்றி நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் (மருந்தைத் தேக்கி உள்ளிழுக்க உதவும் குழாய்) பொருத்துங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, ஸ்பேசரின் வாய்ப்பகுதியை உதடுகளால் இடைவெளியின்றிக் கவ்வி, ஒரே ஒருமுறை அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுத்து, முடிந்தால் 10 விநாடி மூச்சை அடக்குங்கள். இரண்டாவது தடவைக்கு அரை நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்கவேண்டும். கேப்சூல் போடும் பவுடர் வகைக்கு முறையே வேறு: குலுக்கத் தேவையில்லை, ஆனால் வேகமாகவும் பலமாகவும் இழுக்கவேண்டும், கருவிக்குள் ஊதக்கூடாது. ஸ்டீராய்டு கலந்த மருந்தானால், வாயில் வெண்படலம் படியாதிருக்க, ஒவ்வொரு முறையும் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள்.

படி 3: நடைப்பயிற்சியைக் கைவிடாமல், வெயில் ஏறிய பிறகு, மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடி நடங்கள். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணிப் புகையும் விறகடுப்பும் உங்களுக்கு ஆகாது; வீட்டில் யாரும் புகைபிடிக்கவும் கூடாது. போகியன்று விடியலில் சன்னல்களை அடைத்துவிட்டு உள்ளேயே இருங்கள். வீட்டாரிடம் இதைக் கூச்சமின்றிச் சொல்லுங்கள், மூச்சு உங்களுடையது.

படி 4: சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், அளவு கூடினாலும், உடனடி நிவாரண இன்ஹேலர் வழக்கத்தைவிட அடிக்கடி தேவைப்பட்டாலும், அன்றே மருத்துவரை அணுகுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, நினைவு குழம்பினாலோ 108-ஐ அழைக்கவேண்டும். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள், திணறல் கூடியது என்று அளவைத் தாங்களாக ஏற்றக்கூடாது. இந்நோய் உள்ள சிலருக்கு மிகையான ஆக்சிஜனால் இரத்தத்தில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரக்கூடும்.